கண் திறந்த யானை ஜாடி

மேலகரத்துக் கைலாச வேளாருக்குப் பானை வனைவது என்றால் கேவலம். தகப்பன், பாட்டன் எல்லாரும் பானை வனைந்து சாப்பிட்டவர்கள்தான்; அதனால் என்ன? தான் பிறந்ததே பேர் வாங்க என்று அவருக்கு ஒரு நினைப்பு. தென்காசியிலிருந்து குற்றாலம்வரை 'இது கைலாசம் கைவேலை' என்று ஊர் சொல்ல வேண்டும். அந்த ஓர் ஆசைக்காகத்தான் மனுஷன் இத்தனை கூத்தும் அடித்தார்.

கூத்து ஆரம்பித்தது இலத்தூரில். முப்பத்திரண்டாம் வருஷம் என்று ஞாபகம். கிணறு வெட்டும்போது, அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி ஒன்று அகப்பட்டது. அதற்குள்ளே கிடா உருவத்தில் சின்ன மண் ஜாடி. முதுகில் வாய், தலையில் சுருண்ட கொம்பு. வெட்டின ஆட்கள் தொடப் பயந்து ஒதுங்கி நிற்க, நம் வேளார் அதை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

"பொணத்தோட கெடந்தத வீட்டுக்குள்ள கொண்டாராதீரும்!" என்று மனைவி முருகம்மாள் கத்தினாள். ஜாடி மாட்டுத்தொழுவத்தில் குடியேறியது.

அதைப் பார்த்துப் பார்த்து எருமை ஜாடி, பன்றி ஜாடி, குரங்கு ஜாடி என்று வேளார் செய்து தள்ளினார். நன்றாகவே இருந்தன, அதை மறுக்க மாட்டேன். குரங்கு எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளையை உரித்து வைத்திருந்தது. பரம்பரையாகப் பானை கொடுத்துவந்த வீடுகளை எல்லாம் மைத்துனன் சுடலையாண்டிக்கு விட்டுக்கொடுத்தார். "சட்டிபானை எல்லாம் ஒனக்குத்தாம்லே சரி" என்று ஆசீர்வாதம் வேறு.

சாரல் காலத்துக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்திருந்த மதராஸ் சீமாட்டி ஒருத்தி, ஊறுகாய் போட யானை ஜாடி கேட்டாள். பிடித்திருந்தால் மதராஸ் கண்காட்சியில் அவர் பெயர் போட்டு வைப்பதாகவும் சொன்னாள். வேளாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாஸ்தா கோயில் மண் குதிரைக்கு வேளார்கள் கண்ணைக் கடைசியில்தான் வரைவார்கள். அதுவரை அது மண். கண் திறந்துவிட்டால் சாமி. இது தெரியாத குழந்தை எங்கள் பக்கம் கிடையாது. வேளாருக்கும் தெரியும். ஆனால் சீமாட்டி முன்னால் பெருமை அடிக்க வேண்டாமா? பங்களா வராந்தாவில் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, மையைத் தொட்டு யானைக்குக் கண் திறந்தார். சீமாட்டி கை தட்டினாள்.

இலத்தூர்க்காரச் சமையல்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி வயித்துக்குள்ள நான் மாங்காயும் உப்பும் போட மாட்டேம்மா" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். சீமாட்டிக்குக் கண்காட்சியைவிடச் சோறு முக்கியம். ஜாடியைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"கண்ணத் தொறந்தத வீட்டுல வச்சு, யாரு தெனமும் படையல் போடுவா?" என்று முருகம்மாள் வாசலிலேயே மறித்தாள். உடைக்க வேளாருக்கே கை வரவில்லை. சாலையோரப் புங்க மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு வந்து குப்புறப் படுத்தார்.

அடுத்த சாரலுக்குள் யானைக்கு மாலை விழுந்தது. பிறகு ஓலைக் கூரை, உண்டியல், பூசாரி. பூசாரி வேறு யார், சுடலையாண்டிதான். சாமி இலத்தூர்த் தாழியிலிருந்து தானாக எழுந்து வந்தது என்று கதை கட்டினவனும் அவனே. முருகம்மாளுக்கு உண்மை தெரியும். ஆனால் அடுப்பெரியாத வீட்டுக்குப் படையல் சோறு தம்பி கையிலிருந்துதானே வருகிறது?

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தின் நடுவே வேளார் பொறுக்கமாட்டாமல் கத்தினார். "ஏலே, அது நான் செஞ்சதுலே!"

கூட்டம் அடிக்கப் பாய்ந்தது. சுடலையாண்டிதான் தடுத்தான். "விடுங்க, அத்தானுக்குப் புத்தி சரியில்ல." என்ன ஒரு தயாள குணம்! அவன் குரல்வளையை நெரிக்கலாம்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

வேளார் அடங்கிப்போனார். நீட்டின திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, பக்கத்தில் கும்பிட்டு நின்ற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்: "தும்பிக்கை நல்லா வந்திருக்கு, இல்லியா தாயி?"

அவள் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பேச்சு பேசுதீரு அண்ணாச்சி? மனுசக் கையால இப்படிச் செய்ய வருமா?"