பலா மூலையில் ஓர் ஆடு

தினை முற்றும் நாட்களில் எங்கள் காட்டின் வெயிலுக்கே ஒரு வறுத்த வாசம் வரும். அந்த வாசத்துக்குக் கிளிகள் கூட்டமாக இறங்கும். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் சரிவுக்கு எதிரே, ஓடைக்கு அப்பால், அப்பாவின் தங்கையான என் அத்தையின் காடு. விடிந்ததும் இந்தப் பாறையில் அப்பாவும் நானும், அந்தப் பாறையில் அத்தையும் கிளி விரட்ட ஏறிவிடுவோம். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம் அது. பகல் சாப்பாட்டுக்கு வேகவைத்த மரவள்ளி, எங்கள் பேச்சில் "குச்சிக்கிழங்கு", மட்டும்தான்.

இரண்டு பாறையிலும் "அப்பாரு", அதாவது அப்பாவின் அப்பா, ஆடுபுலிக் கட்டம் கொத்திவைத்திருந்தார். அவரும் அவர் தம்பியும் காவல் பொழுதை அப்படித்தான் கழித்தார்களாம். கட்டம் இரண்டு, ஆட்டம் ஒன்று. ஒருவர் காயை நகர்த்திவிட்டு இடத்தைக் கூவ, மற்றவர் தன் கட்டத்திலும் அங்கே கல்லை மாற்றிவைக்க வேண்டும். கூவ வசதியாக, கோடுகள் கூடும் இடங்களுக்கெல்லாம் எங்கள் காட்டின் பெயர்களையே வைத்திருந்தார்கள்: "ஊத்து", "களம்", "புத்து", "பலா". அப்பாவுக்குப் புலி, அத்தைக்கு ஆடு. "அம்மிணி, ஆடு மேய்க்கறயா, தூங்கறயா?" என்று அப்பா கேலி செய்தால் ஓடை நெடுகச் சிரிப்பு உருளும்.

அந்த வருஷம் சிரிப்பில்லை. எல்லையில் நின்ற பலாமரம் யாருக்கு என்பதில் இருவரும் பேச்சை விட்டிருந்தார்கள். ஆட்டத்தை விடவில்லை. இடத்தின் பெயரைத் தவிர வேறு சொல் ஓடையைத் தாண்டாது. பலா மூலைக்கு மட்டும் இருவருமே காய் நகர்த்தவில்லை. அந்தப் பெயரை எடுத்தால் சண்டை மறுபடி கிளம்பிவிடும் என்று பயம்.

ஒரு மத்தியானம் அப்பாவின் இரண்டு புலிகள் முடங்கி, மூன்றாவதற்கு ஒரே வழி மிச்சமிருந்தது: பலா. அத்தை அங்கே ஓர் ஆட்டை வைத்தால் போதும், ஆட்டம் முடிந்தது. அப்போது பார்த்துப் பனிமூட்டமாக மஞ்சு ஏறி எதிர்ப்பாறையை மூடிக்கொண்டது. கிளிகள் தினையில் இறங்கியதைக்கூடப் பாராமல் அப்பா அந்த வெள்ளையையே பார்த்திருந்தார்.

"பலாவுல வெச்சிட்டனுங்ணா" என்றது அத்தையின் குரல். கொஞ்சம் பொறுத்து, "பொழுதோட ஊட்டுக்கு வாரேன்."

"வா சாமி" என்றார் அப்பா, எனக்கே சரியாகக் கேட்காத குரலில். பிறகு எழுந்து நின்று அதையே உரக்கக் கூவினார். அதன்பின் அந்த மரத்துப் பழத்தை இரண்டு வீட்டுக்கும் பாதியாக அறுத்தார்கள்.

பல வருஷம் போர்வெல் லாரி வேலையில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, போன மாசம் அந்தப் பக்கம் போனேன். இரண்டு சரிவிலும் குச்சிக்கிழங்குதான். அதற்குக் கிளி வராது, காவலும் வேண்டாம். பலாமரத்தை ஒரு பெருங்காற்று எப்போதோ சாய்த்துவிட்டது. பாறைக் கோடுகளில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினேன். எங்கள் காட்டில் பலா என்று இப்போது மிஞ்சியிருப்பது அந்த மூலை ஒன்றுதான்.