மடை மூடிய மத்தியானம்

படகு தள்ளுகிறவனுக்கென்று தனி வேகம் கிடையாது. தண்ணீர் போகிற வேகம்தான் அவனுக்கும். பத்திரிகை வேலைக்கு வருமுன், பெரியாற்று வாய்க்காலில் கரை வேலைக்குக் கல் ஏற்றும் தட்டைப் படகைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தேன். கல் இல்லாத நாளில் ஆள் ஏற்றுவோம். அடுத்தவர் அவசரத்தைச் சுமந்து பிழைக்கும் வண்டிக்கார வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

குலுங்காத வண்டி

அலங்காநல்லூர்ப் பக்கம் கருப்பையா என்ற, பயிர் செய்து பிழைக்கும் சம்சாரி தன் மனைவி பேச்சியம்மாளைக் கையில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். அவளுக்கு வயிற்றில் கட்டி, வைத்தியர் கைவிட்டாயிற்று. மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் தாயை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாளாம். மாட்டு வண்டியின் குலுக்கலை அவள் உடம்பு தாங்காது.

வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தோம். படகு நகர்ந்ததும் கண்ணைத் திறந்து கரையோரப் பனைகளைப் பார்த்தாள். "இம்புட்டுச் சொகமாப் போகும்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கே இதுல வந்திருப்பேனே!"

துணி துவைக்கிறவர்கள்

வழியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கருப்பையாவைச் சீண்டினாள்: "என்னண்ணே, பொண்டாட்டிய மகாராணி கணக்காக் கூட்டிட்டுப் போறீக?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் படுக்கையிலிருந்து வந்தது.

"இந்த மனுசன் என்னையக் கூட்டிட்டுப் போற மொத ஊர்வலம் இதுதான். கண்ணு வைக்காத தாயி!"

முறைத் தண்ணீர்

உச்சி வேளையில் படகு தரை தட்டியது. அந்த ஊருக்கு அன்று தண்ணீர் முறை. மடையைத் திறந்து வயலுக்கு விட்டிருந்தார்கள். மடையை மூடினால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஏறும், படகு மிதக்கும். கருப்பையா கரையேறிக் கையெடுத்துக் கும்பிட்டார். மண்வெட்டியோடு நின்ற சம்சாரிகள் முகத்தில் ஈயாடவில்லை. கதிர் வாங்கும் பருவம். முறை போனால் போனதுதான். பாயும் தண்ணீரில் பிணம் போகக்கூடாது என்பது வேறு அங்கே கட்டுப்பாடு. ஒருவர் இறங்கி வந்து, பேச்சியம்மாள் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டுக் கரையேறினார்.

"மூடுங்கப்பா. உசுரோட ஆத்தாளப் பாக்கட்டும். பயிரு ஒரு பொழுது பொறுக்கும்."

துண்டு

தண்ணீர் ஏறிப் படகு மிதந்து கொஞ்ச தூரம் போயிருக்கும். அவள் கை நழுவித் தண்ணீரில் கிடந்தது. கருப்பையா என்னைப் பார்த்தார். சொன்னால் மடையைத் திறந்துவிடுவார்கள். நடு வாய்க்காலில் சேற்றில் கிடப்பாள். அவர் அந்தக் கையை எடுத்துத் துடைத்து மார்மேல் வைத்தார். "இந்தா வந்திருச்சு பேச்சி, அந்தப் புளியமரம் தாண்டிட்டா ஒங்க ஊரு" என்று பேசிக்கொண்டே வந்தார்.

ஊர்களுக்கு மடை திறந்து மூடும் நீர்பாய்ச்சி ஒருவர், கரையில் எங்களோடு நடந்து வந்தார். பேச்சியம்மாள் முகத்தில் ஈ உட்கார்ந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார். என் கழி நின்றுவிட்டது. அவர் தன் தோளில் கிடந்த துண்டை உருவிப் படகுக்குள் எறிந்தார்.

"மூஞ்சில வெயில் அடிக்குது, மூடி விடுங்கண்ணே. தூங்குற புள்ளய எழுப்பிராதீக" என்றவர், முன்னால் ஓடியபடியே அடுத்த மடைக்காரனுக்குக் குரல் கொடுத்தார்: "மடையத் தொறந்துராதய்யா, படகு வருது!"

படித்துறை

படகு வரும் சேதி கேட்டுப் பேச்சியம்மாளின் தாய் படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். துண்டைப் பார்த்ததும் எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்குவதற்கு நான் குனிந்தேன். கருப்பையா என் கையைப் பிடித்தார்.

"மெதுவாத் தம்பி. குலுக்கிராதீக."

பின்னாளில் பத்திரிகையில் எத்தனையோ சாவுகளை முந்திச் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். தள்ளிப்போட்ட சாவுச் செய்தி அது ஒன்றுதான்.