அப்பா திறக்கச் சொன்ன பழைய கேம்

கம்ப்யூட்டர் கேம் என்றாலே அப்பாவுக்கு ஆகாது. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டிவிட்டு வருகிறவர், நான் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால் போதும், வீடு இரண்டாகிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா இதுல ஒரு வீடு கட்டிக்கிட்டு இருந்தாளே, அது இன்னும் இருக்கா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு செலாயாங்குக்குப் போனதிலிருந்து, அவள் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவரே அப்பாதான். அப்பா இப்படிக் கேட்டபோது நான் நாலாம் ஆண்டுதான் படித்துக்கொண்டிருந்தேன். சட்டம் போட்டவரே அதை மீறினால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற கேம் அது. நான் புதிய பதிப்புக்கு மாறி ரொம்ப நாளாகியிருந்தது. அக்கா கட்டியது பழையதில். புதியதில் அது சரியாகத் திறக்காது.

"புதுசுல தேனீயெல்லாம் வந்திருக்குப்பா, காட்டவா?"

"அதெல்லாம் வேணாம்லா. பழச காட்டு."

பழசைத் திறக்க ஒரு வழி உண்டு. செட்டிங்ஸுக்குள் போய் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டால், ஒளிந்திருக்கும் பழைய பதிப்புகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். டிக் போட்டுத் திறந்தேன். வீடு கூரையில்லாமல் பாதியில் நின்றது. வாசலில் மட்டும் மஞ்சள் கட்டைகளால் ஒரு லோரியை முழுசாகக் கட்டி நிறுத்தியிருந்தாள்.

அப்பா மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். "என் லோரியா இது?"

"வேற யாரோடது?"

லோரிக்குப் பக்கத்தில் திரையில் விரலை வைத்தார். பிறகு, "இங்க ஒரு போர்டு வைக்க முடியுமா? சாப்டியான்னு எழுது," என்றார்.

எழுதிவைத்தேன். பாவம், அக்கா வந்து படிப்பாள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. "அப்பா, இது நம்ம லேப்டாப்புல மட்டும்தான் இருக்கு. அக்காவால பாக்க முடியாது."

"தெரியும்."

தெரியுமாம்! யாரும் படிக்காத போர்டை எதற்காக வைப்பது? எனக்குத் தலை சுற்றியது. பெரிய உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "அம்மா போன்ல அக்கா நம்பர் இருக்குப்பா, அதுல கேட்டுறவா?" என்றேன்.

அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வேணாம் வேணாம்," என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிறாத."

மறுநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே என்னைக் கிட்டே கூப்பிட்டார். "என்ன சொன்னா?"

"யாரு?"

"அக்கா."

"நான் கேக்கவே இல்லையே. நீங்கதானப்பா வேணாம்னீங்க?" என்றேன், நல்ல பிள்ளையாக. சபாஷ் என்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அம்மா நீட்டிய தேநீரைக்கூட வாங்காமல் இறங்கிப் போனார். சொன்ன பேச்சைக் கேட்டாலும் கோபித்துக்கொள்கிற மனிதரை என்னதான் செய்வது என்று, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.