குடிக்காதவர் எடுத்த சத்தியம்

கொட்டாஞ்சேனை கிளெமென்ற் துறைமுகத்தில் கிளார்க். வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் பட்டப்பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கிவிடுவார். குறட்டை நடுவில் அறுந்துபோகும். மூச்சே இல்லாமல் கிடந்து, திடுக்கிட்டு இழுப்பார். தாடை பின்வாங்கி இருப்பதால் தூக்கத்தில் நாக்கு தொண்டையை அடைக்கிறது என்றார் வைத்தியர். முகமூடி போட்டுக் காற்றூட்டும் இயந்திரம் அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டு தாடைகளையும் வெட்டி முன்னே நகர்த்திப் பூட்டுவதென்று முடிவாயிற்று.

"இது பரம்பரையிலயும் வரலாம்," என்றார் வைத்தியர்.

கிளெமென்ற் மகள் மாக்ரெட்டை நினைத்தார். அவளுக்கும் அதே தாடை, அதே உள்ளொடுங்கிய நாடி. வத்தளையில் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாப்பிள்ளை ஒஸ்வால்டின் தகப்பன் ஹியூபேட் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கிளெமென்ற் தூங்கிப்போனார். மடியில் தேத்தண்ணி கொட்டித்தான் விழித்தார்.

"பூசைக்கு முன்னமே போட்டிட்டார் போல," என்று ஹியூபேட் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

கிளெமென்றின் மனைவி புளோறன்ஸ் வாயெடுக்குமுன் அவரே முந்திக்கொண்டார். "ஓம், கொஞ்சம் கூடிப்போச்சு. குறை நினைக்காதேங்கோ."

புளோறன்ஸ் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. குடியென்றால் மன்னிப்பார்கள், எலும்பில் இருக்கும் நோயென்றால் மகளின் முகத்தில் தேடுவார்கள்.

ஹியூபேட் மன்னித்தார். ஆனால் கொச்சிக்கடைக் கோயிலில் அந்தோனியாருக்கு முன்னால் சத்தியம் பண்ணவேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை, அத்தனை சனத்துக்கு நடுவில், கிளெமென்ற் மெழுகுதிரியோடு முழந்தாளிட்டார்.

"சத்தமாச் சொல்லும், ஐசே," என்றார் பக்கத்தில் நின்ற ஹியூபேட்.

தொடாத ஒன்றை இனித் தொடமாட்டேன் என்று கிளெமென்ற் சொன்னார். அந்தோனியார் சுருவத்தின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சத்திரசிகிச்சை நடந்தபோது, படியில் விழுந்துவிட்டார் என்று வத்தளைக்குச் சொல்லியனுப்பினார்கள். ஹியூபேட் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். பாலத்தடியில் ஆமிச் செக்கிங்கென்று பஸ்ஸால் இறக்கி வெயிலில் நிற்பாட்டியிருந்ததில் சட்டை நனைந்திருந்தது. கிளெமென்றின் முகம் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் றப்பர் வளையங்களால் சேர்த்துக் கட்டியிருந்தன.

"குடிச்சுப்போட்டுத்தானே விழுந்தனீர்? அந்தோனியாரையே ஏமாத்திப்போட்டீர்."

மாக்ரெட் எழுந்தாள். "அங்கிள், அப்பா ஒருநாளும் குடிச்சதில்லை."

சொல்லவேண்டாமென்று கிளெமென்ற் கையை வீசினார். பல்லிடுக்கால் "ம்ம்" என்ற சத்தம் மட்டும் வந்தது.

"நித்திரையில மூச்சு நிக்கிற வருத்தம். அதுக்குத்தான் தாடையில ஒப்பரேஷன். எனக்கும் வரலாமாம், டொக்டரிட்ட நானே கேட்டனான். ஒஸ்வால்டிட்டச் சொல்லுங்கோ."

ஹியூபேட் அவளுடைய நாடியைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். "அப்ப, என்னையும் பக்கத்தில வச்சுக்கொண்டோ புனிதரிட்டப் பொய் சொன்னனீர்?"

கிளெமென்ற் கண்களை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஒஸ்வால்ட் வந்தான். மாக்ரெட்டுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, "நீர் குறட்டை விடுவீரோ?" என்றான்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் நித்திரையெல்லோ."

"சரி, கலியாணம் முடிய நான் கேட்டுச் சொல்லுறன்."

இருவரும் சிரித்தார்கள். வைத்தியர் சொன்ன நாளிலிருந்தே மகளின் நாடியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவர் கிளெமென்ற் மட்டும்தான். அவர் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.