ரைபிளுக்கு ஒரு ரிப் உறை

எங்கள் முதலாளி யாரையும் திட்டமாட்டார். பதினோரு வருடமாக அவருடைய பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன்; ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை. வெளியில் சொன்னால் கொடுத்துவைத்தவன் என்பார்கள். திட்டாத மனிதரிடமிருந்து தப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மாட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும்.

எல்லாம் என் வாயால் வந்தது. ஒரு நாள் மதியம் செக்கிங் மேசைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தான் ரைபிள் கிளப்பில் சேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் டீ-ஷர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கலாம். கல்லூரியில் என்.சி.சி.யில் நானும் ரைபிள் சுட்டிருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்புடீங்களா தம்பி! இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே. ஞாயித்துக்கெழம ரேஞ்சுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"செரிங்ணா" என்றேன். ஒரு ஞாயிறுதானே என்று நினைத்தேன்.

ஞாயிறு எனக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு எங்கள் ஊரான கொமரலிங்கத்தில் ஆசிரியை வேலை. ஏழு வயது மகள் அவளோடு இருக்கிறாள். நான் திருப்பூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால், மகளோடு இருக்க முழுதாக ஒரு ஞாயிறு கிடைக்கும். திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். வாரத்தில் நான் அப்பாவாக இருப்பது அந்த ஒரு நாள்தான்.

அவிநாசிப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது துப்பாக்கி சுட்டுப் பழகுகிற அந்த ரேஞ்ச். முதலாளியின் ரைபிள் பழைய வெளிநாட்டுச் சரக்கு. தோளில் வைக்கிற கட்டை வால்நட் மரம். தேன் நிறத்தில் பளபளக்கும். அதைக் கையில் வாங்கியதும் இருபது வருடத்துக்கு முந்தைய பையனாகிவிட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் அதில் ஒரு கோளாறு இருந்தது. சுட்டபின் போல்ட் கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும். மற்ற ரைபிள்களில் அது நேராக வலப்பக்கம் போய் விழும். இதில் கொஞ்சம் பின்வாங்கி, கட்டையில் ஒரே இடத்தைத் தட்டிவிட்டுத்தான் விழுந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பித்தளைக் கீறல். அந்த இடத்தில் மரம் அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிய ஆரம்பித்திருந்தது.

முதலாளி அதைத் தடவிப் பார்த்து வருத்தப்பட்டார். "டேப் ஒட்டுனா பசை புடிச்சுக்குமுங்க. தோல் வெச்சு ஆணி அடிக்கவும் மனசு வரல. என்ன பண்ணலாமுங்க தம்பி?"

இங்கேயும் நான் வாயை மூடவில்லை. மறுநாள் சாம்பிள் செக்ஷன் தையல்கார அக்காவிடம் உட்கார்ந்து, காலருக்கு வைக்கிற, இழுத்தால் விரிகிற லைக்ரா ரிப் துணியில் ஒரு உறை தைத்து வாங்கினேன். இரண்டு மடிப்பு, நடுவில் கொஞ்சம் கெட்டித் துணி, குழந்தைச் சட்டையின் கை அளவு. பசையும் வேண்டாம் ஆணியும் வேண்டாம். கட்டையின் மேல் மாட்டி ஏற்றினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். "யாரு பாப்பாவுக்குங்க?" என்று அக்கா கேட்டார். துப்பாக்கிக்கு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்த ஞாயிறு தோட்டாக்கூடுகள் துணியில் பொத்தென்று பட்டுக் கீழே விழுந்தன. மரத்தில் ஒரு கீறல் இல்லை. முதலாளி கிளப்பில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினார். "நம்ம தம்பி ஐடியாங்க. இனி இந்த ரைபிளு அவரு பொறுப்புத்தானுங்க." அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கழுத்தில் கயிறு விழுந்தது தெரியவில்லை.

அதன்பின் எல்லா ஞாயிறும் அவருடையதாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு என் அறை வாசலில் கார் நிற்கும். ரேஞ்ச் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் ரைபிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அவர் கண் முன்னால் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். பிறகு அவருடைய மனைவி இலை போட்டுவிடுவார். "நல்லாச் சாப்புடுங்க, ஊட்டுச் சாப்பாடு உங்களுக்கு வாரம் பூரா கெடைக்கறதில்ல" என்று அவர் பரிமாறும்போது யாரிடம் கோபப்படுவது? கை கழுவி எழுந்தால் மணி இரண்டரை ஆகியிருக்கும். அதற்கு மேல் பஸ் ஏறி, மாறி, ஊர் போய்ச் சேர்ந்தால் மகள் தூங்குவதற்குள் முகத்தைப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்பத்தான் நேரம் இருக்கும். முதலில் அப்படியும் போனேன். பிறகு மாதத்துக்கு ஒரு முறையானது. பிறகு அதுவும் இல்லை.

மகள் சைக்கிள் பழகியதை போனில் வீடியோவாகப் பார்த்தேன். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது பக்கத்து வீட்டுக்காரர்.

மறுத்திருக்கலாமே என்று மனைவி கேட்டாள். கேட்பது சுலபம். குளிக்கும்போது எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்: "இந்த வாரம் முடியாதுங்ணா." கார் வந்து நிற்கும். முதலாளி கண்ணாடியை இறக்கி "தூங்குனீங்களா தம்பி? சிரமப்படுத்தறனுங்களா?" என்று கேட்பார். "அதெல்லாம் இல்லீங்ணா" என்று கதவைத் திறந்து ஏறிவிடுவேன். எனக்குக் கோபம் வராமல் இல்லை. நன்றாக வரும். வந்தால் அடுத்த நாள் செக்கிங் பெண்கள் மேல்தான் இறங்கும், அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ.

ஒரு ஞாயிறு அந்த உறை காலை வாரிவிட்டது. நான் அதைத் துவைத்து வைத்திருந்தேன். துவைத்துத் துவைத்து ரிப் தொளதொளத்துப் போயிருந்தது. துணியிலேயே பிழைக்கிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சுடச் சுட அது நழுவிக் கீழே இறங்க, கூடுகள் மறுபடியும் மரத்தில் அடித்தன. ஏழெட்டு மஞ்சள் கீறல்கள் விழுந்துவிட்டன.

அந்த வாரம் மகளுக்குப் பள்ளியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் காட்ட வேண்டிய அட்டை. அம்மா, அப்பா இருவர் படமும் ஒட்ட வேண்டும். "அடுத்த ஞாயித்துக்கெழம நானே கொண்டுவந்து ஒட்டித் தரேன் சாமி" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கென்றே ஸ்டுடியோவில் இரண்டு படம் எடுத்துப் பர்ஸில் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறும் வந்தது. அன்றைக்காவது அந்தக் கீறல்களைச் சீக்கிரம் துடைத்து முடித்துவிட்டு ஓட வேண்டும் என்று, கம்பெனியில் கறை எடுக்கிற ஸ்பிரேயில் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனேன். எங்கள் ஆட்களுக்கு எந்தக் கறையைக் கண்டாலும் கை தானாக அதற்குத்தான் போகும். எண்ணெய்க் கறை, மைக் கறை, எதுவானாலும் ஒரு அடி அடித்தால் போய்விடும். முதலாளி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, துணியில் நனைத்துப் பித்தளைக் கீறல்கள் மேல் தேய்த்தேன். கீறல் போயிற்று. கூடவே வார்னிஷும் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளுத்துக் கிடந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. முதல் தேய்ப்பிலேயே துணியில் தேன் நிறம் ஏறியதைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். நான் இன்னும் இரண்டு தடவை தேய்த்தேன். திட்டட்டும், இனி ரைபிளைத் தொடாதே என்று சொல்லட்டும், நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு நொடி வாடியது.

"உடுங்க தம்பி. வேணும்னேவா பண்ணீங்க? பாலிஷ் போட்டுக்கலாமுங்க. உக்காருங்க மொதல்ல." உள்ளே திரும்பி மோர் கொண்டுவரச் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். அவர் மேசையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்துவந்தார். தனக்குப் பதிலாகத் துப்பாக்கியைக் கொண்டுபோகவும் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆளை லைசென்ஸில் சேர்க்கலாமாம். ஒரு மாதமாகவே யோசித்து வைத்திருந்தாராம்.

"இத உங்களுக்குக் குடுக்கோணும்னு இருந்தனுங்க. இதே வேறொருத்தனா இருந்தா மறைச்சிருப்பான். நீங்க வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்கு மேல என்னங்க வேணும்? உங்க பேரச் சேத்தரலாம். எனக்கு அப்பறமும் இது உங்க கையிலதான் இருக்கோணும்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

"ரெண்டு போட்டோ வேணுமுங்க. இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு முழு நொடி இருந்தது. "இருக்குதுங்ணா" என்று பர்ஸைத் திறந்தேன். அவரே பசை தடவி ஒட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். மோரைக் குடித்து, ரைபிளைத் துடைத்துப் பீரோவில் வைத்தேன். சாப்பாடு ஆயிற்று. வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்று மகளுக்கு போன் செய்தேன். வர முடியவில்லை, போட்டோவும் தீர்ந்துவிட்டது, நாளைக்கே வேறு எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் அந்த நிமிடமே பஸ் ஏறியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"வேண்டாங்ப்பா" என்றாள் சாதாரணமாக. "கூட்டிட்டுப் போக வர்றவங்க போட்டோ மட்டும் போதும்னு மிஸ்ஸு சொல்லீட்டாங்க. அம்மாவுது ஒட்டியாச்சு."