மூடாத வாளி

என் அக்கா புருஷனுக்குக் கொசு ஒழிப்பில் வேலை. வீடு வீடாக ஏறி இறங்குவார். திறந்து கிடக்கும் தொட்டியைக் கண்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "மூடி வைக்கத் தெரியாதா? நல்ல தண்ணியிலதான் காய்ச்சல் கொசு வளரும்!" என்று கிழவர்களைக்கூட விடாமல் கத்துவார்.

அப்பேர்ப்பட்ட மகான் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் அவரே ஓடையில் இறங்கிப் பிடித்த கெண்டைக் குஞ்சுகள். கடையில் விற்கும் தங்கமீன் என்றால் அவருக்கு இளக்காரம். "அது பொம்மை மச்சான். இதுதான் மீன்" என்பார். இந்த நிஜ மீன்களோ கடைத் தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நெளிகிற கொசுப்புழு போட்டால்தான் வாய் திறந்தன. அதனால் பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரைத் திறந்துவைத்து, ஊரெல்லாம் ஒழித்த கொசுவை வீட்டில் வளர்த்தார். புழுவைத் தின்று மீன்கள் கொழுத்தன. மீன் வாய்க்குத் தப்பியவை அக்காவைத் தின்று கொழுத்தன.

கேட்டேன். "சுத்தமான தண்ணியில வளர்ந்தது மச்சான், ஒண்ணும் செய்யாது" என்றார், வெட்கமே இல்லாமல்.

போன வாரம் அக்கா காய்ச்சலில் விழுந்தாள். பார்க்கப் போயிருந்தேன். நடுங்கிக்கொண்டே எழுந்து போய், அந்த வாளியை ஒரு தாம்பாளத்தால் மூடிவிட்டு வந்து படுத்தாள்.

மாலையில் மகான் வந்தார். பெண்டாட்டிக்கு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் வந்தது.

"எவடி இதை மூடினது? மூடி வச்சா கொசு எங்க போய் முட்டை போடும்?"