எஸ்தரின் தொண்டைக்கு நான் சொன்ன யோசனை

சனிக்கிழமை சென்னையில் ஒருவருக்குக் குரல் வரவில்லை. காரணம் நான்.

(போலீஸில் அல்ல, இங்கே ஒப்புக்கொள்கிறேன். இங்கே தண்டனை வெறும் கமெண்ட்தான்.)

எஸ்தர் எங்கள் கம்பெனியில் அசெம்பிளி லைன் ஆபரேட்டர். கும்மிடிப்பூண்டியில் கார் கதவுக்கு உதிரிபாகம் செய்கிறோம். அதே லைனில் நான் குவாலிட்டி செக்கிங்.

பக்கத்தில் பிரஸ் மெஷின் ஓடும். அருகில் நிற்பவரிடம் பேசக்கூட ஃபோனில் டைப் செய்து காட்ட வேண்டும். எஸ்தருக்கு அந்தத் தொல்லை இல்லை. "பாபு சார், பின்னு தீந்துபோச்சு!" என்று அவர் ஒரு முறை சொன்னால், காதில் அடைப்பான் போட்டவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே குரல் புதுவாயல் சர்ச்சில் பாடும்.

நான் ஓபரா கேட்பவன்.

(மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டி, ஒரு நாடகத்தையே பாட்டாகப் பாடுவது. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இந்தப் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று விசாரித்தேன். ஒருவர். நான்.)

இன்று உலக மேடைகளில் பாடும் பெரிய பாடகர்களின் பேட்டி எது வந்தாலும் படித்துவிடுவேன். நிகழ்ச்சிக்குச் சில வருடங்களுக்கு முன்பே தேதி கொடுத்திருப்பார்கள். ஒரு ஜலதோஷத்தில் எல்லாம் போகும். தொண்டைக்குத் தாங்காத வேடத்தை முப்பது வயதில் மறுத்தவர் ஐம்பதிலும் பாடுகிறார். ஆசைப்பட்டு ஏற்றவர் குரல் போய் இப்போது வகுப்பு எடுக்கிறார். பாடத் தெரிந்தால் போதாது, எப்போது பாடாமல் இருப்பது என்றும் தெரிய வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை கேன்டீனில் எஸ்தர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, மெட்ராஸ்ல ஒரு குரூப்பு. கிறிஸ்மஸுக்கு ஓபரா பாட்டா பாடப் போறாங்கோ. சோலோ ஒண்ணே ஒண்ணுதான். மூணு பேர வரச் சொல்லிகிறாங்கோ, நானும் ஒருத்தி. சனிக்கெழம ஆடிஷன்."

"சூப்பர்ம்மா!"

"முப்பத்தாறு ஆவுதுண்ணா எனக்கு. இன்னொரு தபா யாரு கூப்புடப் போறா? நீதான் இதெல்லாம் படிக்கிறியே, இன்னா செய்யணும் சொல்லு."

"மொதல்ல வாய மூடு."

"இன்னாது?"

"பெரிய பாடகருங்கல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே பேச்ச நிறுத்திருவாங்கம்மா. வியாழன், வெள்ளி மூச்சு விடாத."

"ஊட்ல ரெண்டு புள்ளைங்க கீது. கத்தாம எப்டி ஸ்கூலுக்கு அனுப்பறது?"

"ஊட்டுக்காரரு பாத்துப்பாரு."

"அப்ப புள்ளைங்களுக்கு ரெண்டு நாள் லீவு."

வியாழக்கிழமை மௌனம் தொடங்கியது. மெஷின் சத்தத்தில் அன்று லைனில் யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தெரிந்துவிட்டது. வாராவாரம் வெள்ளியன்று ஷிஃப்ட் தொடங்கும்போது பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முன்னால் நின்று சொல்வது எப்போதும் எஸ்தர்தான். அன்று பார்த்து கஸ்டமர் கம்பெனி ஆட்கள் ஆடிட்டுக்கு வந்து நின்றார்கள்.

"வாம்மா, ஆரம்பி" என்றார் சூப்பர்வைசர் பாபு.

எஸ்தர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினார்.

"இன்னா சைகை காட்டிக்கினு கீற? கிரேனுக்குக் கை காட்டற வேலைக்கு மாறிட்டியா?"

லைன் சிரித்தது. எஸ்தர் என்னைப் பார்த்தார்.

ஓபராவில் முக்கியப் பாடகர் படுத்துவிட்டால், தயாராக இருக்கும் மாற்று ஆள் மேடை ஏறுவார். புகழ்பெற்ற சிலரின் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. நான் முன்னால் போய் உறுதிமொழி சொன்னேன்.

"சத்தமா சொல்லு நைனா! இன்னா உறுதின்னே கேக்கல!" என்றது கடைசி வரிசை.

என்னுடைய மேடை வாழ்க்கை அன்று தொடங்கவில்லை.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ரயிலிலும் எஸ்தர் வாய் திறக்கவில்லை. இரண்டாவதாக அவரைக் கூப்பிட்டார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

பியானோ தொடங்கியது. முதல் ஸ்வரம் வெறும் காற்றாக வந்தது. இரண்டாவது நடுவில் உடைந்தது. பியானோ நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மௌனம் முடிந்ததும் அந்தப் பெரிய பாடகர்கள் மெல்லிய சத்தத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையைத் திறப்பார்கள். அதே பேட்டியில் அடுத்த பத்தியிலேயே இருந்தது. அதை நான் சொல்லவே இல்லை. எஸ்தருக்கு அந்தப் பயிற்சி தினமும் எட்டு மணி நேரம் லைனில் தானாக நடந்துகொண்டிருந்தது. அதையும் நான்தான் நிறுத்தினேன்.

"ரெண்டு நாளா பேசவே இல்லையா? யாரும்மா சொன்னது?" என்று உள்ளே குழுவை நடத்தும் அம்மாவின் குரல் கேட்டது.

எஸ்தர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"சரி, வெளில போய் மெதுவா பாடிட்டு வாங்க. மூணாவது ஆள் முடிஞ்சதும் இன்னொரு தடவ கேக்கறேன்."

பார்க்கிங்கில், இரண்டு பைக்குகளுக்கு நடுவில் நின்று, எஸ்தர் முனகலில் தொடங்கினார். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். (அன்று நான் செய்த ஒரே சரியான வேலை.)

இரண்டாம் முறை பாடியபோது குரல் முழுதாக வந்தது. அது எப்படி இருந்தது என்று மூன்று வரி எழுதினேன். நன்றாக வரவில்லை, அழித்துவிட்டேன்.

ஆனாலும் சோலோ மூன்றாவதாக வந்த பெண்ணுக்குத்தான். முதல் முறையே சரியாகப் பாடியிருந்தார். நியாயம்தான். எஸ்தருக்குக் கோரஸில், பின்வரிசையில் ஓர் இடம் தருவதாகச் சொன்னார்கள். வந்தால் வாரம் ஒரு மாலை ஒத்திகை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

திரும்பும் ரயிலில், "மன்னிச்சிக்கோம்மா" என்றேன்.

"வுடுண்ணா, அப்பால இன்னா செய்யணும்னு நானுந்தான் கேக்காம வுட்டேன்." மீஞ்சூர் தாண்டும்போது என்னிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தார். பிறகு, "பின்னாடி நின்னுக்கினு காலத்துக்கும் கோரஸ் பாடறாங்களே, அவங்க இன்னா சொல்லிகிறாங்கோ நீ படிக்கிற பேட்டில? எப்டி இருக்குமாம்?"

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடினேன். முக்கியப் பாடகர்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்பது வரை இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் தினமும் ஒரு கூட்டமே நின்று பாடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் யாரும் மைக்கை நீட்டியதாக நான் பார்க்கவில்லை.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் அதைச் சொன்னேன்.

"ஒண்ணும் கெடைக்கலம்மா. அவங்கள யாரும் கேக்கல போல."

எஸ்தர் ஃபோனை எடுத்து அந்த அம்மாவின் நம்பரைத் தேடினார்.

"அப்ப நானே போய் நின்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."